ஐந்தாவது புழு

1966 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். எங்கள் வீட்டுக் கடிகாரம் மூன்று நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்துத்தான் சொல்கிறேன். இரவெல்லாம் பெய்த மழை விட்டு, கேரி தீவின் செம்பனை மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. எனக்கு வயது ஒன்பது. மாமாவிடம் அதுவரை ஏமாந்தது பதினேழு முறை.

மாமா, அம்மாவின் தம்பி. பண்டமாரானில் குடியிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஞாயிறுதோறும் மீன் பிடிக்க எங்கள் தோட்டத்துக்கு வருவார். வந்ததும் எங்கள் ஊர்ப் பணமான ஒரு வெள்ளி நோட்டில் துளையிட்டுத் தூண்டில் நைலானைக் கட்டி, நான் நடக்கும் பாதையில் போட்டுவிட்டு மரத்தின் பின்னால் ஒளிந்துகொள்வார். நான் தயங்கினால் நோட்டு லேசாகத் துடிக்கும், நெருங்கினால் செத்ததுபோல் கிடக்கும், குனிந்தால் ஓடும். பதினேழு முறையும் குனிந்தேன்.

அன்று வாய்க்கால் ஓரம் தூண்டிலுக்குப் புழு தோண்டினோம். டின்னில் நான்குதான் சேர்ந்தன.

"அந்தா பாருடா, அஞ்சாவது ஆளு தானா வந்து ஆடுறாரு" என்றார் மாமா.

பெரணி இலைகளுக்கு நடுவே செம்பழுப்பாக ஒன்று நெளிந்தது. இரண்டு சாண் தள்ளி ஒரு தவளை. தவளை தயங்கினால் புழு துடித்தது. நெருங்கினால் செத்ததுபோல் கிடந்தது. மூன்று முறை எண்ணினேன். மாமாவின் கை அதற்குள் இலையருகே போயிருந்தது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"தொடாதீங்க மாமா! பின்னால யாரோ ஒளிஞ்சிருந்து ஆட்டுறாங்க!"

"புழுவ யாருடா ஆட்டுவான், உங்க கங்காணியா? விடு லா."

"நீங்க நோட்ட ஆட்டுற மாதிரியே ஆட்டுது மாமா!"

சிரித்துக்கொண்டே, என் மனத்துக்காகத் தூண்டில் கழியின் நுனியால் புழுவைத் தொட்டார். இலைகளுக்குள்ளிருந்து ஒரு பச்சைத் தலை பாய்ந்து மூங்கிலைக் கொத்தியது. விரியன் குட்டி, ஒன்றரைச் சாண்கூட இருக்காது. புழு அதன் வால் நுனி. சில பாம்புக் குட்டிகள் வாலை இப்படிப் புழுவாக்கி இரையைக் கூப்பிடும் என்று பின்னாளில் படித்தேன். அது பட்டினியோடு புதருக்குள் நழுவியது. மாமா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அதுவரை டேய் என்றவர், முதல் தடவையாக "மாப்ளே" என்றார்.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, எங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பன்னிரண்டு வீடுகளுக்கும் போனார். முதல் வீட்டில் பாம்பு ஒரு முழம். ஆறாவதில் ஓர் ஆள் நீளம். பன்னிரண்டாவதில் எங்கள் மண்வெட்டிக் காம்பு அதன் பல்லுக்குச் சமம். நான் எதையும் திருத்தவில்லை.

"என்ன வேணும், கேளு மாப்ளே."

"அந்த நோட்டு."

நைலானோடு கொடுத்தார். அடுத்த ஞாயிறு அதைப் பாதையில் போட்டு நான் ஒளிந்துகொண்டேன். மாமா குனிந்தார், இழுத்தேன், அவர் போட்ட கூச்சலில் லயமே திரண்டது. அப்படி ஆறு ஞாயிறு ஏமாற்றினேன். என்னை மிஞ்ச ஆளில்லை என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். கலங்கிய நீரில் நூல் நடுங்குவதைப் பத்தடி தூரத்திலிருந்தே பார்த்துவிடும் மனிதர், காய்ந்த மண்ணில் கிடந்த அதே நூலை ஆறு முறையும் எப்படிப் பார்க்காமல் போனார் என்ற கேள்வி எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

ஏழாவது முறை அவர் விரல் நோட்டின்மேல் இருந்தபோதே அவசரப்பட்டு இழுத்துவிட்டேன், இரண்டாகக் கிழிந்தது. மொத்தச் செலவு, ஒரு வெள்ளி.