நான் கூப்பிட்ட முதலை

எங்கள் வளவின் பின்வேலியைத் தாண்டினால் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரி. ஊரில் யாரும் அப்படி நீட்டி முழக்குவதில்லை, ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றில் முதலை உண்டு என்பதைச் சம்பந்தம் பேச வந்தபோதே சொல்லிவிட்டார்கள். நான் வல்வெட்டித்துறைக்காரி. கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஆறும் முதலையும் ஒரு பொருட்டா என்று அன்று வாய் காட்டினேன். அந்த வாய்க்குப் பிறகு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் கணவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசி இறால் பிடிப்பவர். காலையில் அவர் இறங்கும் துறையிலேயே மாலையில் உட்கார்ந்து நான் மீன் வெட்டுவேன். பிறந்த வீட்டுப் பழக்கம். எங்கள் கடற்கரையில் மீன் குடலை எறிந்தால் பாதியைக் காகம் தூக்கும், மீதியை அலை இழுக்கும், அத்தோடு சரி. இங்கேயும் குடலையும் செதிலையும் தண்ணீரில் எறிந்துவிட்டு, ஒட்டியிருப்பதும் விழட்டும் என்று அலுமினியச் சட்டியைக் கல்லில் மூன்று தட்டுத் தட்டுவேன். எறிந்ததை இழுத்துப்போக ஆற்றில் அலை இல்லை என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை.

மாரி மழை முடிந்த கையோடு, அடுத்த வீட்டு அண்ணையின் கிடாயை முதலை கொண்டுபோனது. எங்கள் துறையில்தான். எதிரே உள்ள சேற்றுத்திட்டில் தன்பாட்டில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்த முதலை இப்போது ஏன் இந்தப் பக்கம் வருகிறது என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. விசாரிக்க வந்த வனஜீவராசிகள் அலுவலர் துறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதிலை மீன் கழிவு ஆர் போடுறது?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். ஊருக்கு நடுவில் மானம் போய்விடும் என்று பயந்தேன்.

அடுத்த நாள் மாலை நான் மீன் வெட்டவில்லை. துறையில் இருந்து கரி பிடித்த அலுமினியச் சட்டியை மண் போட்டு விளக்கிவிட்டு, கைப்பழக்கத்தில் கல்லில் தட்டினேன். திட்டில் கிடந்த முதலை தண்ணீரில் இறங்கியது. நேரே என்னை நோக்கி வந்தது. சட்டியைப் போட்டுவிட்டு ஓடி, வேலியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அது துறைக்கு வந்து, தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு காத்து நின்றது. என் கணவர் தினமும் வலையோடு நிற்கும் இடம் அது. அவருக்குச் சோறு போட்ட கையாலேயே, அவரைத் தின்னக்கூடியதற்கும் தீனி போட்டிருக்கிறேன்.

அன்று இரவு முழுக்க நான் தூங்கவில்லை. விடிந்ததும் அண்ணை பெரிய தூண்டிலில் கோழியைக் குத்திக்கொண்டு ஆட்களோடு துறைக்கு வந்தார். என் கணவரும் கூட நின்றார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அண்ணை, உந்தத் தூண்டிலைக் கீழை வையுங்கோ. அது தானா வரேல்லை. நான்தான் கூப்பிட்டனான்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய், பிள்ளை?"

குடல் எறிந்ததையும் சட்டி தட்டியதையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். முகத்தில் ரத்தம் ஏறியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"கூப்பிட்டுச் சாப்பாடு போட்டிட்டு, வந்தாப் பிறகு அடிச்சுக் கொல்லுறதோ?"

"அப்ப என்ரை கிடாய்?" என்றார் அண்ணை.

என்னிடம் ஒரே ஒரு மறி ஆட்டுக்குட்டி இருந்தது, நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. அவிழ்த்து வந்து கயிற்றை நீட்டினேன். "குட்டி உங்களுக்கு. தூண்டில் எனக்கு."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் நிலத்தைப் பார்த்தார். அண்ணை தூண்டிலை என்னிடம் தந்துவிட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

அன்றே வளவுக்குள் கிடங்கு வெட்டி, மீன் கழிவை அதில் புதைக்கத் தொடங்கினேன். வீடு வீடாகப் போய், ஆற்றில் ஒரு செதில் விழுந்தாலும் சண்டைக்கு வருவேன் என்று சொல்லிவைத்தேன். எனக்கு முதலைக்காரி என்று பட்டம் கிடைத்தது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. முதலை இன்னும் பல மாலைகள் துறைக்கு வந்து பார்த்தது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் வெறுங்கையோடு நின்றேன். அத்தனை நாளும் என் கணவர் ஆற்றில் இறங்கவில்லை, வீட்டில் இறாலும் இல்லை. கடைசியில் அது வருவதை நிறுத்தியது.

அவர் மறுபடியும் வலையை எடுத்த காலையில் நானும் கூடப் போனேன். நல்ல வெயில். முதலை எதிர்த் திட்டில் முழு உடம்பும் தெரியக் கிடந்தது. தண்ணீர் விளிம்பில் நின்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இஞ்சாரும், இறங்கட்டே?"

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்டு எதையும் செய்தவர் இல்லை. திட்டை மறுபடியும் பார்த்துவிட்டு, "ஓம், இறங்குங்கோ" என்றேன். அவர் கரையேறும்வரை திட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இப்போதும் தினமும் கேட்கிறார். சில நாள் திட்டில் முதலை இருக்காது, தண்ணீருக்குள் எங்கே கிடக்கிறதோ தெரியாது. "இண்டைக்கு வேண்டாம்" என்பேன். அவர் ஏன் என்று கேட்காமல் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.