இடைவேளை விடாத ஊர்

போன சனிக்கிழமை சினிமாவுக்குப் போனேன். கலாவும் நானும் சேர்ந்துதான். என்ன... நான் ஜெர்மனியில் உட்கார்ந்திருந்தேன், அவள் தர்மபுரியில் உட்கார்ந்திருந்தாள்!

வாராவாரம் என் புலம்பலைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — கலா என் மனைவி. கல்யாணம் முடிந்த சில மாதத்திலேயே நான் வேலைக்கு இங்கே வந்துவிட்டேன். அவளுக்கு விசா வந்தபாடில்லை. தர்மபுரிப் பக்கம் கடத்தூரில் தன் அம்மா வீட்டில் காத்திருக்கிறாள்.

நாங்கள் பேசிப் பழகியதே தியேட்டரில்தான். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் இருந்தால் புது ஜோடி எங்கே பேசுவது? இடைவேளையில் ஒரு முட்டை பப்ஸ் வாங்கி, ஆளுக்குப் பாதி பிய்த்துக்கொண்டு, வராண்டா ஓரமாக நின்று பேசுவோம். படம் மறந்துவிட்டது. பேசியது எல்லாம் நினைவிருக்கிறது.

இந்த யோசனையும் அவளுடையதுதான்.

"நான் இங்க தங்கச்சியோட சாயங்கால ஷோ போறனுங்க. உங்களுக்கு அது மத்தியானம். அதே படத்துக்கு நீங்களும் போங்க. இன்டர்வெல்ல பேசிக்கலாம்."

இங்கே தமிழ்ப் படம் வருவதே அபூர்வம். நல்லவேளை, பக்கத்து நகரத்தில் அன்றைக்கு ஒரு காட்சி இருந்தது. ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

ஹீரோ பறந்து பறந்து அடிக்கிறார். அரங்கில் ஒரு விசில் கிடையாது. வந்தவர்கள் நம்ம ஆட்கள்தான் — ஆனாலும் ஊர் மாறினால் விசிலும் மாறிவிடுமோ? எனக்கோ எப்போதடா பாதிப் படம் முடியும் என்றிருந்தது.

திரையில் 'இடைவேளை' என்று எழுத்து விழுந்தது. சட்டென்று எழுந்து நின்றேன். எழுத்து மறைந்தது... அடுத்த காட்சி ஓட ஆரம்பித்துவிட்டது! விளக்கு எரியவில்லை. ஒருவரும் அசையவில்லை.

"ப்ரோ, மறைக்குது, உக்காருங்க" என்றார் பின்சீட்டுக்காரர். "இங்க இன்டர்வெல்லே விடமாட்டாங்க."

இந்த நாட்டில் எனக்கு இது முதல் படம். எப்படித் தெரியும்?

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. கலா! இருட்டில் நாலைந்து கால்களை மிதித்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

"என்னங்க, இன்டர்வெல் வுட்டாச்சு! உங்களுக்கும் வுட்டாங்களா?"

"ஓ, வுட்டாங்களே!"

"எவ்ளோ நேரம் வுடுவாங்க?"

கதவுக்குப் பின்னால் சண்டைச் சத்தம் கேட்டது. நான் வராண்டாவின் கடைசிக்கு நடந்தேன்.

"இங்கெல்லாம் ரொம்ப நேரம் வுடுவாங்க, கலா."

"பழக்கதோசத்துல பப்ஸை ரெண்டாப் பிச்சுட்டனுங்க. உங்க பாதி அப்புடியே கையில இருக்குது." எனக்கு அப்போதே கிளம்பி ஊருக்குப் போய்விடலாமா என்றிருந்தது. அந்தப் பாதி பப்ஸுக்காக!

அவள் பக்கம் மணி அடித்தது.

"படம் போடறாங்க போல. நீ உள்ள போ" என்றேன்.

"தங்கச்சி போயிட்டா. நான் அப்புறம் போயிக்கறேன்."

சற்று நேரத்தில் அவளுக்குப் பின்னால் பாட்டு கேட்டது.

"கலா, படம் போட்டாச்சா?"

"இல்லீங்க. இங்கயும் இன்னிக்கு ரொம்ப நேரம் வுட்டிருக்காங்க."

நானும் நம்பினேன். பேசிக்கொண்டே இருந்தோம். என் பக்கம் கதவு திறந்து கூட்டம் வெளியே வந்தபோதுதான் போனை வைத்தேன்.

"படம் எப்படி ப்ரோ?" என்று கேட்டார் பின்சீட்டுக்காரர்.

"இடைவேளை பிரமாதம்!"