பத்மராணி அக்கா தந்த ரிப்பன் கட்டிய பாட்டில்

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் எங்கள் பகுதிக்கு வியாழக்கிழமை காலையில் ரீசைக்கிள் லாரி வரும். அதற்கு முன்பே பத்மராணி அக்கா வந்துவிடுவார். தோளில் ஒரு துணிப்பை, கையில் பாத்திரம் கழுவும் ரப்பர் உறை. வீட்டு வாசல்களில் நிற்கும் தொட்டிகளின் மூடியைத் தூக்கிப் பார்த்து, நல்ல கண்ணாடி பாட்டில் இருந்தால் எடுப்பார். எடுத்ததும் முதலில் மோந்து பார்ப்பார். வினிகர், எண்ணெய் வாடை அடித்தால் திரும்பப் போட்டுவிடுவார். பிறகு வெயிலில் தூக்கிப் பிடித்து, அதன் வாயோரம் விரலை ஓட்டி, எங்கேயாவது பெயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

நான் என் மகன் பாசிலை ஸ்ட்ரோலரில் தள்ளிக்கொண்டு கூடவே போவேன். அந்த ஊரில் நான் பேசிப் பழகிய ஒரே ஆள் அவர்தான். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். மசூதியில் பார்க்கிற பெண்கள் எல்லாம் படித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் ஏதாவது கேட்டால் எனக்குச் சிரிக்க மட்டும்தான் வரும். பத்மராணி அக்கா எதையும் கேட்கமாட்டார். அவரே பேசிக்கொண்டு வருவார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சண்டை நேரத்தில் ஜெர்மனிக்குப் போய், ஒரு பல் டாக்டர் வீட்டில் சமையலறை வேலை பார்த்திருக்கிறார். பழத்தைச் சர்க்கரையோடு மதுவில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் வைப்பதை அங்கேதான் பார்த்தாராம். பிறகு சிறீஸ்கந்தராசா அண்ணனைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா வந்தார். வாங்கிய வீட்டின் பின்னால் ஒரு பிளம்ஸ் மரம்.

"மரம் நிக்குது, பழம் விழுது. நான் என்ன செய்ய?" என்பார்.

அண்ணன் கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் எஞ்சினியர். அக்கா ஒரு சலவைக் கடையில் துணி பிடித்துத் தைக்கும் வேலை. எஞ்சினியர் பெண்டாட்டி குப்பைத் தொட்டியைத் திறப்பது அந்த வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஒருநாள் மகன் கபிலாஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் எங்கள் பக்கத்தில் காரை நிறுத்தினான்.

"அம்மா, ப்ளீஸ். எவ்ரிபடி கேன் சீ யூ."

"பார்க்கட்டும். வேண்டாமெண்டு விட்டதைத்தானே எடுக்கிறன்? உன்ர அப்பாவும் இப்பிடித்தான் கிடந்தவர். நான்தான் எடுத்தனான்."

அவன் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

முதலில் பாட்டில்கள் ஜூஸுக்கு என்றுதான் நினைத்தேன். அவர் வீட்டு கராஜுக்குள் போனபோதுதான் பெரிய ஜாடிகளையும் பக்கத்தில் இருந்த வோட்காவையும் பார்த்தேன். அக்கா மறைக்கவில்லை. "இது குடிவகை. உமக்கு ஹராம். நீர் அங்கால நில்லும்," என்றார். பாட்டிலைக் கழுவ உள்ளே கொஞ்சம் பச்சரிசியும் வெந்நீரும் போட்டு அவர் குலுக்குகிற சத்தத்தைக் கேட்டபடி அங்கேயே நின்றேன்.

இனி அந்தப் பாட்டில்களை நான் தூக்கலாமா என்று எனக்குப் புரியவில்லை. அதுவரை சில பாட்டில்கள் பாசிலின் ஸ்ட்ரோலர் அடியில்தான் வந்திருந்தன. என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "காலி பாட்டில்தானே அமீனா, அதுல என்ன இருக்கு?" என்றார். டெக்சாஸில் இருக்கும் நாத்தனார் தஹ்ஸீனைக் கேட்டேன். "காலியோ நெறஞ்சதோ, நீ எதுக்கு தூக்குற?" என்றார். இரண்டு பேர் பேச்சும் சரியாகத்தான் பட்டது. நான் கேட்காமலே அக்கா இரண்டாவது பை கொண்டுவரத் தொடங்கினார். ஸ்ட்ரோலர் பக்கம் பாட்டிலைக் கொண்டுவருவதே இல்லை.

அது 2005. பெருநாளன்று மதியம் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார். கழுத்தில் தங்க ரிப்பன். "ஈத் முபாரக். உங்களுக்கெண்டு தனியாக் காய்ச்சினது. வெறும் பழமும் சீனியும். தண்ணி விட்டுக் குடியுங்கோ." அந்த நாட்டில் பெருநாளுக்கென்று எனக்கு ஒருவர் கொண்டுவந்து கொடுத்த முதல் பொருள் அது. மேசை நடுவில் வைத்தேன்.

சிறிது நேரத்தில் போன் அடித்தது.

"அமீனா, குடிச்சிட்டீரோ?" அக்காதான்.

"இல்லக்கா. ஏன்?"

"குடியாதயும்! உம்மட போத்தலுக்கு நான் சிவப்பு நூல் கட்டி வைச்சனான். இந்த மனுசன் வடிவாக் கிடக்கட்டுமெண்டு நூலை அறுத்துப்போட்டு, எல்லாத்துக்கும் ஒரே ரிப்பன் கட்டியிருக்கிறார். இப்பதான் சொல்லுறார். எதைத் தந்தனோ தெரியேல்ல. மூக்கும் அடைச்சுக் கிடக்கு. பெருநாளும் அதுவுமா உம்மட வீட்டில..." அழுதுவிட்டார்.

போனை வைத்துவிட்டுப் பாட்டிலையே பார்த்தேன். கருஞ்சிவப்பாக இருந்தது. மது கலந்ததாக இருந்தால் சிங்கில் கொட்டவேண்டும். கொட்டினால் அக்கா என் முகத்தில் விழிக்கமாட்டார் என்று தோன்றியது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பழ வாசனை. அதற்குள் வேறு ஏதோ இருந்ததா? மது வாடை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது?

வீட்டுக்காரர் பாசிலுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வாங்கி ஒருமுறை மோந்தார். ஒரே முறைதான்.

"இதுல இல்ல," என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீஸ் பார்ட்டில பக்கத்துல நின்னு குடிப்பானுங்கல்ல. வாடை வரும்."

சரிதான். ஆனால் ஒரு நொடிகூட யோசிக்கவில்லையே. அதற்குள் வாசல் மணி அடித்தது. அண்ணனும் அக்காவும் வீட்டில் போட்டிருந்த உடையோடு நின்றார்கள். அக்காவின் கண் வீங்கியிருந்தது.

"நான் செய்த வேலைக்கு நானே வந்திட்டன் பிள்ளை. ஒரு கரண்டி தாரும்," என்றார் அண்ணன்.

கொடுத்தேன். அக்கா அவர் வாயையே பார்த்தார். அண்ணன் நாக்கைச் சுழற்றி, கண்ணை மூடி, வேண்டுமென்றே நேரம் கடத்தினார்.

"சொல்லித் துலையுங்கோவன்!"

"ஒண்டுமில்லை. வெறும் சீனிப்பாணி. ஒரு சொட்டும் இல்லை."

அக்கா சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். "இவங்களும் மோந்து பாத்து அதத்தான் சொன்னாங்க," என்றேன் நான்.

அண்ணன் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "மூடியைத் திறந்து மோந்ததிலேயோ? எனக்கே குடிச்சபிறகுதான் தெரிஞ்சது."

அக்கா அழுகையோடு சிரிக்கத் தொடங்கினார். "தம்பிக்கு நல்ல மூக்கு!"

வீட்டுக்காரர் குனிந்து, பாசிலுக்கு ஏற்கெனவே மாட்டிய செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டினார். நான் டம்ளர்களை எடுத்து, குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கலந்து எல்லோருக்கும் கொடுத்தேன். இனிப்பும் புளிப்புமாக இருந்தது. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். அவர் டம்ளரைப் பார்த்துக் குடித்தார்.