நயாகராவுக்குப் போகாதவர்

ரேடியேட்டர் கொதித்து எங்கள் பஸ் பரளச்சியில் நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் தேடிப் போகிறார். எஸ்.டி.டி. பூத்தும் மளிகையுமாக இருக்கும் கடையில் ஒதுங்குகிறேன். உள்சுவரில் நயாகரா அருவியின் பெரிய படம். கரிசல் வெடித்துக் கிடக்கும் ஊரில் அத்தனை தண்ணீரைப் பார்க்கவே மலைப்பாக இருக்கிறது.

“மக அமெரிக்காவுல இருந்து அனுப்புனது,” என்கிறார் கடைக்கார அம்மா. “சுத்திப் பாக்க வான்னு டிக்கெட்டும் எடுத்தா. மாட்டேன்னுட்டேன்.”

“ஏங்க்கா?”

“என் தம்பியும் அங்க கடதான் வச்சிருந்தான். திருட வந்தவன் சுட்டுட்டான். அங்க துப்பாக்கிய சீனி, பருப்பு மாதிரி கடையில வாங்கலாமாம். சட்டமே விடுதாம். எங்காளு உசுரு போன ஊருல, நியாயம் கெடைக்கிற வரைக்கும் நாங்க பச்சத்தண்ணி குடிக்கமாட்டோம். சட்டத்த மாத்தட்டும், வாரேன்.”

“நீங்க போகலன்னு அமெரிக்காவுக்குத் தெரியவா போகுது?”

“மக வேல பாக்குற எடத்துல, அம்மா ஏன் வரலன்னு கேக்குறாகளாம். கேக்குறவுகட்டயெல்லாம் இதத்தான் சொல்றாளாம்.”

அவர் குடத்தைச் சாய்த்து, அடியில் கிடந்த தண்ணீரை டம்ளரில் வார்த்து நீட்டுகிறார். அந்த அருவியைப் பார்த்தபடியே, ஒரு சொட்டும் சிந்தாமல் குடிக்கிறேன்.