யாரையும் அடிக்கக் கூடாது என்ற வரி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் நான். போர்ட் பிளேரில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரன் பல்லைத் தண்ணீர்க் குழாய்த் தகராறில் உடைத்திருக்கிறேன். கப்பல் டிக்கெட் வரிசையில் முந்திய ஒருவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளி, போலீஸ் வந்து, அப்பா வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சி என்னைக் கூட்டிப் போயிருக்கிறார். "உனக்குக் கை ரொம்ப நீளுது" என்பாள் அம்மா. நீளட்டுமே, யாருக்கென்ன என்று இருந்தேன். இப்போது சொல்ல வந்ததோ வெறும் கம்ப்யூட்டர் சமாச்சாரம். ஒரு கோப்பின் தலையில் இருந்த ஒரே ஒரு வரியை எடுப்பதா வைப்பதா என்று வந்த சண்டை. அதிலும் ரத்தம் வந்தது.

பழைய இயங்குதளம் ஒன்று. அதை உண்டாக்கிய கம்பெனி எப்போதோ இழுத்து மூடிவிட்டது. போகிற போக்கில் மூல நிரலைப் பொதுவில் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் ஏழெட்டுக் கிறுக்கர்கள், சம்பளம் கிடையாது சாப்பாடு கிடையாது, அதைச் சாகவிடாமல் வைத்திருக்கிறோம். கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முன்னால் எங்கள் தீவுகளில் நெட் சாட்டிலைட்டில் இருந்து சொட்டுச் சொட்டாகத்தான் வரும். புதிய இயங்குதளங்கள் ஒரு அப்டேட்டுக்கு நாலு நாள் கேட்கும். இதுவோ ஒரு சிடிக்குள் அடங்கும், உப்புக்காற்று தின்ற மெஷினிலும் ஓடும். எங்கள் லாங் ஐலண்ட் தீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் பஜாரில் பாதிக் கடைகளுக்கும் நான் போட்டுக் கொடுத்தது இதுதான். மெயின்லேண்டில் தூக்கிப்போட்ட மெஷினை நான் இன்னும் பத்து வருஷம் ஓட்டிக் காட்டுவேன். அந்த இயங்குதளத்தைக் கட்டி மேய்க்கும் பொறுப்பும் ஒரு கட்டத்தில் என் தலையில் வந்து விழுந்தது. எனக்கு அதில் அத்தனை கர்வம்.

அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கரண்ட் போய் வந்தால் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கோப்புகள் நாசமாகும். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? அந்த ஓட்டையை அடைத்தவன் தீவுகளின் தெற்குக் கோடியில் இருக்கும் கேம்பல் பேயைச் சேர்ந்தவன். அங்கே குடியேறிய முன்னாள் பட்டாளத்தார் வீட்டுப் பிள்ளை, பவர் ஹவுஸில் வேலை, என்னைவிட எட்டு வயது இளையவன். என்னை அண்ணே என்பான், என் மனைவியை அண்ணி என்பான். ஆறு மாத ட்ரெய்னிங்குக்குப் போர்ட் பிளேர் வந்தவன் எங்கள் வீட்டில்தான் தங்கினான். அந்த ஆறு மாதத்தில், டிஸ்க்கைப் படித்து எழுதும் பகுதி முழுவதையும் முதல் எழுத்திலிருந்து புதிதாக எழுதினான். எனக்கு அந்த மூளை கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

கோப்பின் தலையில் உரிமம் எழுதுவது வழக்கம். யார் எடுக்கலாம், என்ன செய்யலாம் என்று நாலு வரி. அவன் தன் இங்கிலீஷில் எழுதியிருந்தான்: யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் இதை வைத்து யாரையும் அடிக்கக் கூடாது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இது என்ன சட்டமா, சாமி வாக்கா என்று கேட்டேன். "சோடுங்கண்ணே, இருக்கட்டும்" என்றான். இந்தி கலந்துதான் நாங்கள் எல்லோரும் பேசுவோம், சோடு என்றால் விட்டுவிடு. நானும் விட்டுவிட்டேன். ஒன்பது வருஷம் அந்த வரி அங்கேயே இருந்தது, படிக்க ஒரு நாதியில்லை.

போன வருஷம் படித்தார்கள். எங்கள் கோப்புகளை இலவசமாகத் தங்கள் சர்வரில் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் சோதிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் விதி எளிமையானது. எந்த மனிதருக்கும் எந்த வேலைக்கும் தடை போடும் நிபந்தனை இருக்கக் கூடாது. நல்ல வேலை, கெட்ட வேலை என்று பிரிக்கவும் கூடாது. 'அடிக்கக் கூடாது' என்பதும் தடைதான். மாதக் கடைசிக்குள் அந்த வரி போக வேண்டும், இல்லாவிட்டால் கோப்பு போகும். கோப்பு போனால் டிஸ்க்கே திறக்காது, இயங்குதளத்துக்குப் பால் ஊற்ற வேண்டியதுதான். வரியை எடுக்க எழுதியவன் சம்மதம் வேண்டும். பின்னால் அந்தக் கோப்பில் கை வைத்த எல்லோருடைய சம்மதமும் வேண்டும். ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தேன். ஒருத்தர் இறந்தே போயிருந்தார், அவர் மனைவியைக் கண்டுபிடித்து அந்த அம்மாவிடமும் எழுதி வாங்கினேன். எல்லோரும் சரி என்றார்கள். இவன் ஒருவன்தான் முடியாது என்றான்.

நயமாகச் சொல்லிப் பார்த்தேன். அடிக்க நினைக்கிறவன் உன் வரியைப் படித்துவிட்டுக் கையை இறக்கிவிடப் போகிறானா என்று எழுதினேன். மதிக்காதவன் மதிக்காமல் போகட்டும், அதற்காக நான் சொல்லாமல் இருக்க வேண்டுமா என்று பதில் எழுதினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவிலேயே அவனைக் கோழை என்றேன், பட்டாளத்தான் பெற்ற பிள்ளைக்குச் சாமியார் வேஷம் எதற்கு என்றேன். இப்படிப் பேசினால் குழுவை விட்டு எடுத்துவிடுவோம் என்று போலந்துக்காரர் ஒருவர் எச்சரித்தார். என் கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்தால் விரலை முறிப்பேன் என்று அவருக்கும் எழுதினேன். போலந்து எங்கே, நான் எங்கே! ஆனாலும் எழுதும்போது மனதுக்கு இதமாக இருந்தது.

கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது அவனே வந்து நின்றான். நேரில் பேசிக்கொள்ளலாம் என்று கேம்பல் பேயில் கப்பல் ஏறியிருக்கிறான். கடல் மோசம், வழியெல்லாம் வாந்தி, முகம் வெளுத்திருந்தது. என் மனைவி ரசம் வைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் முன்னறையில் உட்கார்ந்தோம். சோதனை மெஷின் நடுவில் ஸ்டூல் மேல் இருந்தது. அது அந்தக் காலத்து லேப்டாப், குழவிக்கல் கனம். எங்கள் இயங்குதளம்தான் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரம் கத்தினேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கடைசியில், அந்த வரியை யாருக்காகத்தான் எழுதினாய், ராணுவத்துக்கா போலீசுக்கா, இப்போதே சொல் என்றேன். அவன் அடுப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்தான்.

"ஆறு மாசம் இங்க தங்கியிருந்தேண்ணே. நடுச்சுவரு வெறும் பலகைதான."

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு உடனே புரிந்தது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: நான் என் மனைவியை அடிப்பேன். இதை எழுத இப்போது கை கூசுகிறது, அடிக்கும்போது கூசியதில்லை. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் உப்பைத் தின்றுகொண்டே ஒருவன் பலகைக்கு அந்தப் பக்கம் படுத்து ஆறு மாதம் கேட்டிருக்கிறான், கேட்டதை உலகம் படிக்க எழுதியும் வைத்திருக்கிறான் என்றால்?

லேப்டாப்பைத் தூக்கி அவன் தலையில் அடித்தேன். நாற்காலியோடு சாய்ந்தான். காதுக்கு மேலே பிளந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. இரண்டாவது அடிக்குக் கையைக் குறுக்கே வைத்தான், விரல் ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது என் மனைவி ஓடிவந்து முழங்கையைப் பிடித்துத் தொங்கினாள். உதறினேன். கதவு நிலையில் நெற்றி மோதி அவள் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. லேப்டாப்பின் ஒரு மூலை நொறுங்கியிருந்தது, திரை மட்டும் அணையவில்லை. அவன் எழுதிய நிரல் உள்ளே பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தரையில் கிடந்தபடியே அதைப் பார்த்தான். "இதை வச்சே அடிச்சிட்டீங்களேண்ணே" என்றான்.

ஒன்பது வருஷத்தில் அந்த நிபந்தனையை மீறிய முதல் ஆள் நான்தான். உரிமத்தின்படி பார்த்தால் அந்த நிமிஷத்திலிருந்து அந்தக் கோப்பைத் தொடும் உரிமை எனக்குக் கிடையாது. கட்டி மேய்க்கிறவனுக்கே கிடையாது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். எட்டுத் தையல், வலதுகை நடுவிரலுக்குக் கட்டை வைத்துக் கட்டு. கப்பல் ஜெட்டிப் படித்துறையில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் அவனே சொன்னான். டாக்டர் என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

மறுநாள் காலையில் போனபோது அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வேறு லேப்டாப் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னான். கடைக்கு ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். கோப்பைத் திறக்கச் சொன்னான், அந்த வரியை எடுத்துவிடச் சொன்னான். வெட்கம் கெட்டவன் நான், எனக்குச் சந்தோஷம் பொங்கியது. மாற்றம் செய்தால் காரணம் என்று ஒரு வரி எழுத வேண்டும். என்ன போடட்டும் என்று கேட்டேன்.

"எழுதினவனையே அது காப்பாத்தலன்னு போடுங்க."

நான் அப்படிப் போடவில்லை. உரிமத் தெளிவுக்காக என்று போட்டேன். அவன் படித்துப் பார்த்தான், இடதுகையால் என்டரைத் தட்டினான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து சர்வர்காரர்களுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை நிரப்பினேன். இதில் சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் சம்மதம் வாங்கியாயிற்று என்ற இடத்தில் டிக் அடித்தேன். அனுப்பிய ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்தது, எல்லாம் சரியாக இருக்கிறதாம். குழுவில் வாழ்த்துகள் வந்து விழுந்தன. போலந்துக்காரர்கூட வாழ்த்தினார். பிழைத்துக்கொண்டது என்று என் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, வீட்டில் அவள்தான் இருந்தாள்.

அவள் நெற்றி புடைத்துக் கன்றிப் போயிருந்தது. அந்தத் தம்பி அப்படி என்னதான் எழுதியிருந்தது என்று கேட்டாள். தமிழில் சொன்னேன். எப்போது எழுதியது என்று கேட்டாள். இங்கே தங்கியிருந்தபோது, ஒன்பது வருஷமாகிறது என்றேன். அவன் என்னிடம் சொன்ன பதிலை முந்தின நாள் அடுப்படியிலிருந்து அவளும் கேட்டிருந்தாள்.

"உலகம் பூரா எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்கினீங்க. அது எனக்காக எழுதுன வரி. என்கிட்ட கேட்டீங்களா?"

இந்தக் கேள்விக்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை. எடுத்த வரியைத் திரும்ப வைப்பது ஒரு நிமிஷ வேலை. வைத்தால் இத்தனை வருஷப் பாடும் போய்விடும். கையைக் கீபோர்டு மேல் வைத்தேன், வைத்தபடியே இருந்தேன்.

அவள் பையில் நாலு புடவையை எடுத்து வைத்தாள். சௌல்தாரியில் அவள் தங்கை இருக்கிறாள், சாயங்கால பஸ்ஸுக்கு நேரமிருந்தது. செருப்பை மாட்டும்போது எழுந்து வாசலுக்குப் போனேன், தடுக்கத்தான். தடுக்கிறதென்றால் எனக்குக் கையை நீட்ட மட்டும்தான் தெரியும். அவள் என் கையைப் பார்த்தாள். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.