வலது பக்கம், இறக்கைக்குப் பின்னால்

முதல் தடவை விமானம் ஏறியபோது எனக்கு ஜன்னல் சீட்டுதான் கிடைத்தது. ஆனால் சென்னை வரை இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். ஏறியவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஐந்தாவதோடு படிப்பை விட்டு, வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும் கூலியாக நுழைந்து, ஆமத்தூர்ப் பக்கம் சொந்தப் பட்டாசு கம்பெனி வைத்தவன். வருஷா வருஷம் விஷு சீசனுக்குத் திருவனந்தபுரத்தில் ஆர்டர் பிடித்துவிட்டு, அங்கிருந்தே சென்னை டீலர்களைப் பார்க்கப் பறப்பேன்.

அந்த விமானம் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் மேற்கே போகிறது என்று தெரிந்ததும் ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. பட்டாசு கம்பெனியில் ரூம்களைத் தள்ளித் தள்ளித்தான் கட்ட வேண்டும். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது. நடுநடுவே வேப்பமரம் வேறு. அதனால் நான் கட்டிய கம்பெனியை நானே முழுசாக ஒரே பார்வையில் பார்த்தது கிடையாது.

சீட்டுப் போடும் பெண் ஒருமுறை கேட்டது: “எந்தப் பக்கமா இருந்தா என்ன சார், எல்லாம் ஜன்னல்தானே?”

“இடது பக்கம் மலைம்மா. அதை யாரு வேணாலும் பாக்கட்டும். வலது பக்கம் என் கம்பெனி.”

காலை விமானத்தில் அந்தப் பக்கம் வெயில் கண்ணில் அடிக்கும். மத்தியானம்தான் சரி. இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. நானே போய்ப் போய்க் கற்றது. அப்படியும் ஒரு வருஷம் மேகம், ஒரு வருஷம் புழுதி மூட்டம். பார்க்க முடியவில்லை.

ஒரு வருஷம் என் மனைவி பாக்கியம் கோயிலுக்கென்று கூட வந்தாள். அவளுக்கு அதுதான் முதல் விமானம். ஏறியதுமே, “ஓரத்துல நான் உக்காருதேங்க. சுவத்தப் பிடிச்சுக்கிட்டாப் பயம் தெரியாது” என்றாள். ஜன்னலைக் கொடுத்தேன். அன்றைக்கென்று வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

“மலை தாண்டியாச்சு. கண்மாய் தெரியுதா? அதுக்கு அங்கிட்டுப் பாரு.”

“பொறுங்க.” ஜன்னலில் முகத்தை அப்பிக்கொண்டாள்.

“தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“தலையைக் கொஞ்சம் நகத்து பாக்கியம்.”

அவள் நகரவில்லை. “அம்புட்டும் நீங்க கட்டுனதாக்கும்?” என்றாள்.

ஊரே என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறது. அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்னொரு தடவை நகரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஆமா” என்றேன். அவள் கம்மலும் அதைச் சுற்றிக் கொஞ்சம் வெளிச்சமும்தான் எனக்குத் தெரிந்தன. விமானம் தாண்டிப் போய்விட்டது.

அதற்கடுத்த வருஷத்திலிருந்து ஆர்டரெல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. மகன் பார்த்துக்கொள்கிறான், எனக்குப் பறக்க வேலை இல்லை. செல்போன் மேப்பில் கம்பெனியைக் காட்டினான். அது எவனோ பார்த்தது. சாப்பிடும்போது பாக்கியத்திடம் கேட்பேன், அன்றைக்கு எப்படி இருந்தது என்று.

“எத்தன தடவ கேப்பீக? கோலத்துக்குப் புள்ளி வச்சுட்டு, கோடு இழுக்காம எந்திரிச்சுப் போன மாதிரி இருந்துச்சு.”

ஒவ்வொரு புள்ளிக்கும் செங்கல் இறக்கியவன் நான். படுத்தால் அதைத்தான் கண்ணுக்குள் கொண்டுவரப் பார்க்கிறேன்; கூடிவர மாட்டேன் என்கிறது.

வியாபாரத்துக்குப் பறக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில் ஏறினால் வலது பக்கம், மத்தியான விமானம், இறக்கைக்குப் பின்னால். மனைவியோடு போனால் பக்கத்துப் பக்கத்து சீட் வேண்டாம். முன்னும் பின்னுமாக இரண்டு ஜன்னல் போடுங்கள்.