பிரிக்காத பொட்டலம்

எங்கள் பக்கம் சாமியிடம் பூக்கேட்டுத்தான் எதுவும் செய்வார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இலையில் மடித்து, வாழைநாரில் கட்டி, மாரியம்மன் காலடியில் வைப்பார்கள். ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். மற்றதைப் பிரிக்கக் கூடாது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

என் தலைச்சன் பையனுக்கு வயிற்றால போனபோது அப்படித்தான் கேட்டார்கள். வெள்ளை வந்தால் சூரமங்கலத்து டாக்டரம்மா. சிவப்பு வந்தால் என் சின்ன மாமனார். புதுச்சத்திரம் பக்கத்துக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். பொட்டலம் கட்டியதும் அவர்தான். எடுத்தது நான். சிவப்பு வந்தது. மாந்தம் என்று சொல்லி வயிற்றில் சூடு போட்டார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் பிள்ளை போய்விட்டது.

தீட்டுக் கழிந்ததும் தண்ணி சேந்த அந்தக் கிணற்றுக்குத்தான் போனேன். பொட்டலம் நார் அவிழ்ந்து மிதந்தது. உள்ளே இருந்ததும் சிவப்பு.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், பிள்ளையைப் பறிகொடுத்தவள் புலம்புகிறாள் என்பார்கள். சின்ன மாமனார் வந்தால் எழுந்து நின்றேன். காத்திருந்தேன்.

அடுத்ததும் பையன். அப்போது உலகச் சண்டைக்காலம், பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. தலை நிற்பதற்குள் அவனுக்கும் வயிற்றால போனது. உச்சிக்குழி உள்ளே வாங்கிவிட்டது.

"டாக்டரம்மாகிட்டப் போலாமுங்க" என்றேன் ஊட்டுக்காரரிடம்.

மாமியார் விடவில்லை. "ஊட்லயே வைத்தியன் இருக்கறப்ப ஊசிக்காரிகிட்ட என்ன சோலி? பூக் கேளு."

"கேக்கலாமுங்க. சின்ன மாமாவே கட்டட்டும்."

அன்று செவ்வாய்க்கிழமை. பங்காளிகள் எல்லாரும் கோயிலில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் போனேன். ஒரு பொட்டலத்தை எடுத்தேன். மற்றதையும் எடுத்தேன்.

"ஆகாதம்மா, தெய்வக் குத்தம்" என்றார் பூசாரி.

"குத்தம் என்னோட போகட்டுமுங்க."

பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு எல்லாரும் பார்க்கப் பிரித்தேன். ரெண்டும் சிவப்பு.

சின்ன மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "அவசரத்துல மாறிப்போச்சு அம்மிணி."

"போன தடவ கெணத்துல மெதந்ததும் செவப்புத்தானுங்க மாமா. அப்பவும் அவசரமுங்களா?"

ஊட்டுக்காரர் பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு பஸ் ரோட்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

டாக்டரம்மா தொடையில் ஊசி குத்தித் தண்ணி ஏற்றினார். வயிற்றைத் தடவிப் பார்த்து, "சூடு கீடு போட்டீங்களா?" என்று கேட்டார்.

"இவனுக்கு இல்லீங்க" என்றேன்.

பையன் பிழைத்தான்.

அதற்கப்புறம் சின்ன மாமனாரிடம் மருந்துக்கு யாரும் போகவில்லை. எனக்கு அது பத்தவில்லை.

பையனுக்குக் காது குத்தினபோது வந்து பந்தியில் உட்கார்ந்தார். நான்தான் பரிமாறினேன். எல்லா இலைக்கும் சோறு வைத்தேன். அவர் இலையைத் தாண்டிப் போனேன்.

"போடு" என்றார் ஊட்டுக்காரர்.

"என் கையால இல்லீங்க."

வெறும் இலை முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இலைக்கு ரசம் வந்தது, மோர் வந்தது. அப்புறம் அவரே இலையை மடித்துவிட்டு எழுந்தார். நான் அடுத்த பந்திக்கு இலை போட்டேன்.